நெற்பயிரும் கரையும் சிலிக்காவும்

நமது வயல்களில் மணலுக்குப் பஞ்சமில்லை. மணலிற் பெரும்பகுதி சிலிக்காவே. அங்ஙனமிருக்க, நெற்பயிருக்குச் சிலிக்கா குறைவுபடக்கூடும் என்று கூறினால் வாசகர்கள் வியப்படையலாம். ஆயினும் உண்மை அதுவே. மணல் நீரில் எளிதிற் கரைவதன்று. கரையாத பொருளை வேர் உட்கொள்ள இயலாது. மண்ணிலுள்ள தாதுக்கள் மெல்லச் சிதைந்து, சிலிசிக் அமிலமாக நீரிற் கரைந்து நிற்கும் சிறு பாகமே பயிருக்கு உதவும். மணற்பாங்கான நிலங்களிலும், நெடுங்காலம் மழையால் அரிக்கப்பட்ட செம்மண் நிலங்களிலும் இப்பாகம் குறைவு.

நெல்லோ இதனை விரும்பி உண்ணும் பயிர். அதன் வேரில் இதற்கெனவே ஒரு வழி அமைந்திருப்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உட்சென்ற சிலிக்கா இலையின் தோலுக்கடியிற் கண்ணாடிபோற் படிகிறது. அதனால் இலை நிமிர்ந்து நின்று வெயிலை நன்கு ஏற்கிறது. தாள் உறுதி பெற்றுச் சாயாது நிற்கிறது. குலைநோய்ப் பூஞ்சணம் இலையைத் துளைப்பதும், குருத்துப்பூச்சியின் புழு தண்டைக் குடைவதும் கடினமாகின்றன. தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்ட வயலில் இப்பாதுகாப்பு தளர்ந்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது.

ஆர்னான், ஸ்டவுட் என்னும் அறிஞர்கள் 1939-இல் வகுத்த இலக்கணப்படி, எச்சத்து இன்றிப் பயிர் தன் வாழ்நாளை முடிக்க இயலாதோ அதுவே இன்றியமையாச் சத்தாகும். அக்கணக்கிற் சிலிக்கான் சேர்வதில்லை. ஆனால் குடியானவனுக்கு வேண்டுவது உயிரோடிருக்கும் பயிர் மட்டுமன்று, சாயாது விளையும் பயிர். இதனை உணர்ந்த ஜப்பான் தேசத்தார், இரும்பு உருக்காலைக் கசடிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்புச் சிலிகேட்டை 1955-ஆம் ஆண்டிலேயே உரமாக அங்கீகரித்தனர்.

இனி நமது கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு 2 டன் விளையும் நெற்பயிர் ஏறத்தாழ 100 கிலோ அல்லது அதற்கு மேலும் சிலிக்கானை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதிற் பெரும்பகுதி வைக்கோலிலும், மற்றொரு பகுதி உமியிலும் தங்குகிறது. முன்னாளில் வைக்கோலை மாடு தின்றது. அதிலுள்ள சிலிக்கா பெரும்பாலும் சீரணமாகாமற் சாணத்தோடு எருக்குழி சேர்ந்து, மீண்டும் வயலுக்கே வந்தது. இன்றோ வைக்கோல் கட்டுகளாகி லாரியில் வெளியூர் செல்கிறது. உமி ஆலைக் கொதிகலனில் எரிந்து, சாம்பல் மேடாகக் குவிகிறது. வரவின்றிச் செலவே நடக்கும் நிலம் எத்தனை நாள் தாங்கும்?

இந்நிலையிற் கரையும் சிலிகேட்டுகள் புட்டிகளில் விற்கப்படுகின்றன. மணலையும் சோடா அல்லது பொட்டாஷ் உப்பையும் கடுஞ்சூட்டில் உருக்கி, நீரிற் கரைத்துச் செய்யப்படுவன இவை. சோடாச் சிலிகேட் சவர்க்காரத்துக்கும், அட்டைப்பெட்டி ஒட்டும் பசைக்கும் பயன்படுவது. ஒருகாலத்தில் முட்டை கெடாதிருக்கவும் பயன்பட்டது. இவை கடுங்காரமுள்ளவை, கண்ணிலும் தோலிலும் பட்டாற் புண்ணாக்கும். சோடாச் சிலிகேட் உவர்நிலத்துக்கு ஆகாது. பொட்டாஷ் சிலிகேட்டைத் தக்கபடி நீர் கலந்து தெளித்தால் சில நோய்கள் குறையக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 100 கிலோ போன இடத்தைச் சில லிட்டர் தெளிப்பு எங்ஙனம் நிரப்பும்?

ஆகவே எமது கருத்து இதுவே: விலை கொடுத்து வாங்குமுன், வீட்டிலிருந்து போவதைத் தடுக்க வேண்டும். வைக்கோலில் ஒரு பங்கையேனும் மட்கச் செய்து வயலுக்கு இடுக. விற்றே தீரவேண்டியவர் அதற்கீடாக எருவோ உமிச்சாம்பலோ கொணர்க. உமிச்சாம்பலிற் பெரும்பங்கு சிலிக்காவே. மிதமான சூட்டில் எரிந்த சாம்பலே எளிதிற் கரையும், கடுஞ்சூட்டில் வெந்தது கரைவதரிது. சாம்பலை நனைத்தே கையாள்க. அதன் தூசி மூச்சுப்பைக்குத் தீங்கானது. களர்நிலத்தார் சாம்பலை விடுத்து மட்கிய வைக்கோலையே நாடுக.

கிராம அதிகாரிகளும் தத்தம் ஊரைச் சூழ்ந்த ஆலைகளிற் குவியும் சாம்பல் குடிகளின் வயலை அடைய வழிகோலுதல் நன்று. நிலம் கொடுத்ததை நிலத்துக்கே திருப்புவது புதுமையன்று. நம் முன்னோர் எருவண்டி ஓட்டிச் செய்ததே அது.