கறுப்பா இருந்தாலும்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்வார்கள்: "கறுப்பா இருந்தாலும் பொண்ணு களையா இருக்குது." பாராட்டுதான். என் வழக்கெல்லாம் அந்த 'இருந்தாலும்' மேல்தான். நிறம் வெளுக்க வெளுக்க முகத்துக்கு அழகு கூடும், இது இயற்கை, யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை என்கிறது ஊர். இதே தங்கவயலில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது ஒப்பவில்லை.

அவர்கள் முதலில் சாட்சிக்கு இழுப்பது வெயிலை. வெயிலில் உழைப்பவன் கறுப்பான், நிழலில் இருப்பவன் வெளுப்பான். அதனால் வெளுப்பு வசதிக்கு அடையாளமாகி, பிறகு அழகுக்கும் அடையாளமானதாம். எங்கள் ஊரில் இந்தக் கணக்கு உதைக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடும்வரை, இங்கே ஷிப்டு முழுக்க வெயிலே படாமல் உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கமிருந்தும் வந்த, பெரும்பாலும் தலித் குடும்பங்களின் ஆண்கள். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறினால் கும்மிருட்டு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அதே நேரத்தில் மேலே, பட்டப்பகலில், கோல்ஃப் மைதானத்தில் தோல் காய நடந்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். வெயில்தான் காரணம் என்றால் அண்டர்கிரவுண்டு ஆளைத்தானே நிழலில் வாழ்ந்த சீமான் என்று ஊர் கொண்டாடியிருக்க வேண்டும்? எந்தத் தோல் பங்களாவில் இருந்தது, எந்தத் தோல் தொழிலாளர் லைன் வீட்டின் ஒற்றை அறையில் இருந்தது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகியது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நமக்கு இந்தப் புத்தி உண்டு என்பார்கள். இருக்கலாம். அப்போது பங்களாவின் இடத்தில் சாதி இருந்தது.

அடுத்து, 'விஞ்ஞானமே சொல்லுது' என்பார்கள். என்ன சொல்கிறது? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டீபன், டேவிட் பெரட் முதலியோர் முகப்படங்களைக் கொடுத்து, ஆரோக்கியமாகத் தெரியும்படி நிறத்தை மாற்றச் சொன்னார்கள். பார்த்தவர்கள் கூட்டியவற்றில் முக்கியமானவை ரத்தம் ஓடும் சிவப்பும், காய்கனிகளில் உள்ள கரோட்டினாய்டு தரும் மஞ்சளும். கொஞ்சம் வெளிச்சத்தையும் கூட்டினார்கள்; அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அவை வெள்ளையர் முகங்கள். அவற்றை வைத்து எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டைப் பெண்ணுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. பெர்ன்ஹார்ட் ஃபிங்க் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரே முக அமைப்பின்மேல் பல பெண்களின் தோலை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினார்கள். நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் சீராகப் பரவிய தோலே இளமையாகவும் அழகாகவும் பட்டது. சீரான தோல் எந்த நிறத்திலும் உண்டு.

இதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டாம், நம் பேச்சே போதும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனைப் பார்த்து "ஏன்டா இப்படி வெளுத்துப் போயிருக்கே?" என்று கேட்கிற ஜனம் நாம். நிறம் குறைந்தவளுக்கும் களை உண்டு என்று ஒப்புக்கொள்ளும்போதே, களை வேறு நிறம் வேறு என்று சொல்லிவிட்டோம்.

மரபைத் துணைக்கு அழைப்பவர்கள் சங்கப் பாட்டைக் கொஞ்சம் புரட்டட்டும். அங்கே தலைவியின் அழகு நிறத்துக்குப் பெயர் மாமை. உரைகாரர்கள் அதற்கு மாந்தளிரின் நிறத்தைக் காட்டுவார்கள். பிரிவில் அவள்மேல் படரும் வெளிறிய மஞ்சள், பசலை. நிறம் வெளிறுவதை அழகு போனதாக அழுதிருக்கிறார்கள். திருக்குறளில் இந்தப் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது.

கடைசி வாதம் கொஞ்சம் கனமானது: சிவப்பாக இருந்தால் வேலை கிடைக்கிறது, வரன் கிடைக்கிறது, அதனால் கிரீம் பூசினால் என்ன? கிடைக்கிறது என்பது உண்மை. சுரங்கம் மூடிய பிறகு மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் இது சந்தை விலை. கண்ணின் இயற்கை என்று இதைச் சொல்ல முடியாது. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'யே 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. பூசினால் என்ன ஆகும் என்றும் பார்ப்போம்: மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு சில வாரம் வெளுப்பைக் காட்டும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். கேரளத்தின் மலப்புரத்தில் சிறுநீரகம் பாதித்து வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தபோது, பலர் பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம் பூசியது தெரியவந்தது. களை வேண்டிப் பூசியது களையைத்தான் முதலில் தின்கிறது.

எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை அப்படிப் பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் அதே வார்த்தையைச் சொன்னார்கள். பெரியம்மா செருப்பை எடுத்து வைத்தபடி, முகம் மாறாமல் சொன்னாள்: "மாப்பிள்ளையும் சிவப்பா இருந்தாலும் களையாத்தாம்மா இருக்காரு."