சுளுக்கு என்று சும்மா விடலாமா?

தோட்டத் தோழர்களே!

சென்ற மாதம் சங்க வேலையாக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். குலை வெட்டும் அண்ணன் ஒருவர் வேலைக்குப் போகாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். "அருவாக் கம்பைத் தூக்க முடியலே தம்பி. ரெண்டு வருசத்துக்கு முந்தி மழையிலே வழுக்கிக் கையை ஊனி விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியலே, வெறும் சுளுக்குன்னு ரெண்டு நாள் எம்.சி. குடுத்தாங்க. அப்புறம் தைலம் போட்டு உருவிக்கிட்டேன்" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? விஷயத்தை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. அவற்றை ஒன்றோடு ஒன்று கட்டிப் பிடித்திருப்பது தசைநார். விறகுக் கட்டின் கயிறு அறுந்தால் விறகு முறியாது. ஆனால் கட்டு நிற்குமா? சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நார் தெரியாது. ஆகவே 'முறியலே' என்றால் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தமல்ல.

கையை ஊன்றி எழும்போது வலிக்கிறதா? பிடி தளர்ந்துவிட்டதா? மணிக்கட்டைத் திருப்பினால் 'கிளிக்' என்கிறதா? வீக்கமும் வலியும் ஒரு வாரத்தில் அடங்கவில்லையா? உருவாதீர்கள். மறுபடி டாக்டரிடம் போய், எலும்பு நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். முஷ்டி மடக்கி இரண்டு கையையும் படமெடுத்து ஒப்பிடுவார்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பாதி கிழிந்த நாருக்குப் பெரும்பாலும் கட்டும் பயிற்சியும் போதும். முழுக்க அறுந்திருந்தால் முதல் சில வாரங்களிலேயே ஆபரேஷன் செய்து தைப்பது நல்லது. நாள் கடந்தால் தைப்பது கடினம்; எலும்புகள் இடம் விலகி, வருசக் கணக்கில் உரசித் தேய்ந்துபோகும். பிறகு எலும்பை எடுப்பதோ, ஒட்டவைப்பதோதான் வழி. வலி குறையும், ஆனால் கை பழையபடி வளையாது.

இன்னொன்று. வேலையில் விழுந்தால் அன்றைக்கே மண்டோரிடம் சொல்லுங்கள். நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் கொடுக்கும் எம்.சி. 4 நாளாவது இருந்தால்தான் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். கை ஆறாமலே பெரட்டுக்கு ஓடினால் அந்தப் பணமும் போச்சு, கையும் போச்சு! நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு. அவர்களிடமும் சொல்லுங்கள்.

தோழர்களே, நமக்கு நிலமில்லை, கடையில்லை. இருக்கிற சொத்து இந்த இரண்டு கைகள்தான். அதைச் சுளுக்கு என்று சும்மா விடாதீர்கள்!