ஆத்தாவா, வைரசா?

எம்.ரெட்டியபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கினால் அங்கே “ஆத்தா வந்திருக்கிறாள்” என்று அர்த்தம். ஆத்தா வந்த வீட்டில் மருந்து கூடாதாம், டாக்டர் கூடாதாம். இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்டு, தண்ணீர் ஊற்றும் வரை காத்திருக்க வேண்டுமாம்.

வந்தது ஆத்தாதானா என்று கேட்கின்றோம். பெரியம்மைக்கும் ஆத்தா என்றுதான் பேர் வைத்திருந்தார்கள். 1975-க்குப் பின் இந்தியாவில் அது ஒருவருக்கும் வரவில்லை. 1980-இல் உலகை விட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மை குத்தும் ஊசிக்குப் பயந்து ஓடியது எப்படித் தெய்வமாகும்?

இன்று மிஞ்சியிருக்கும் சின்னம்மைக்குக் காரணம் ஒரு வைரஸ். அதற்குச் சொந்தமாக அடுப்புமில்லை, உலையுமில்லை. நம் உயிரணுவுக்குள் நுழைந்து, அங்கே புரதம் செய்யும் கருவிகளையே பிடித்துக்கொண்டு தன் இனத்தைப் பெருக்குகின்றது. பிறர் உழைப்பில் வயிறு வளர்க்கும் கூட்டத்தைக் கண்டறிந்த நமக்கு இது விளங்காத விஷயமல்ல.

இதனாலேயே வைரசுக்கு மருந்து காண்பது கஷ்டமாயிற்று. அது பிடித்திருப்பது நம் கருவியானதால், கண்மூடி அடித்தால் நம் உயிரணுவும் சாகும். ஆகவே அறிஞர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரின் குழு கண்ட அசைக்ளோவிர் மருந்து, வைரசின் சொந்தப் புரதம் தொட்ட பிறகே வேலையைத் தொடங்கும். ஆராய்ச்சிப் பட்டம் பெறாத இவ்வம்மையாருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்றொரு வழி, வைரஸ் நுழையும் நம் புரதத்தையே அடைத்துவிடுவது. எச்.ஐ.வி. நுழையும் சி.சி.ஆர்.5 என்னும் வாசலை அடைக்க 2007-இல் மராவிராக் வந்தது. வேறு வாசலில் நுழையும் எச்.ஐ.வி.க்கு அம்மருந்து பலிக்காது. அதையும் சோதித்து ஒளிக்காமல் சொல்வது விஞ்ஞானம். எந்தப் பூசாரி தன் விபூதியைச் சோதனைக்குக் கொடுத்தான்?

“தானாக ஆறுகிறதே” என்பீர்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆறும். ஆற்றுவது அவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியேயன்றி ஆத்தாவல்ல. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நுரையீரலைப் பிடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்புளம் கண்ட முதல் நாளிலேயே மருந்தைத் தொடங்கினால்தான் நல்ல பலனுண்டு. தண்ணீர் ஊற்றும் வரை காத்திருந்தால் அந்த நாள் திரும்பி வருமா?

வேப்பிலையைக் கண்டு அயலார் ஒதுங்கி நிற்பார்களானால் அந்த மட்டில் நல்லதே, தொங்கட்டும். ஆனால் தோழர்களே, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசை அவிழ்த்து, ஒரு வண்டி பிடித்து, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்!