பலூன் இறங்கிய பின்தான் பாதி வேலை



சென்ற இதழின் அறிவியல் பலூன் கட்டுரை, பலூன் மேலே போவதை விரிவாகச் சொன்னது. தரையிறங்குவதை ஒரே வரியில் முடித்துவிட்டது.

ஹைதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பறக்கவிடும் மெல்லிய பாலிதீன் பலூன்கள் 30 முதல் 42 கி.மீ. உயரம் போகின்றன. சோதனை முடிந்ததும் கருவிப்பெட்டி பாராசூட்டில் இறங்குகிறது. அது எந்த வயலில் விழும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் இறங்கிய ஒரு பலூன் கலத்தைப் பார்க்க ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் ஒரு பலூன் வீட்டின் மேலேயே விழுந்தது.

கண்டெடுப்பவர் பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. சில கருவிகளில் உயர் மின்னழுத்தம் இருக்கலாம். உள்ளே இருப்பதும் விலைமதிப்பற்றது. 2005இல் 20 முதல் 41 கி.மீ. வரையிலான உயரங்களில் பலூன் மூலம் சேகரித்த காற்று மாதிரிகளிலிருந்து மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டதாக இஸ்ரோ 2009இல் அறிவித்தது. அந்த மாதிரிகள் இருந்த குழாய்களை யாராவது திறந்திருந்தால் அத்தனை உழைப்பும் வீண்.

பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று நாளிதழில் அறிவிப்பு வருகிறது. பெட்டியிலும் தொடர்பு விவரம் இருக்கிறது. ஆனால் நாளிதழ் படிக்காதவருக்கு அது எட்டாது. பலூன் பருவம் தொடங்கும் முன்பே ஊராட்சி, பள்ளி, உள்ளூர் வானொலி வழியாகச் சொல்லலாம். தகவல் தருபவருக்கு உண்டான வெகுமதியையும், பயிர்ச் சேதம் நேர்ந்தால் யாரை அணுகுவது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பலூன் இறங்குவது விவசாயியின் நிலத்தில். முதல் தகவல் அவருக்குத்தான் போக வேண்டும்.

ஒரு வாசகர்,
செகந்திராபாத்