அடுத்த கோச் யாரு? பக்கத்துல நிற்கிற ஆளை ஏன் யாரும் பார்க்கிறதில்லை?

2023 ஏப்ரல் 25, கோழிக்கோடு. சூப்பர் கோப்பை இறுதிப் போட்டியில் பெங்களூரு எஃப்.சி-யை 2-1 என்று சாய்த்தது ஒடிசா எஃப்.சி. அந்த கிளப்புக்கு அதுதான் முதல் பெரிய கோப்பை. ஓரத்தில் நின்று அணியை நடத்தியவர் கோவாவைச் சேர்ந்த கிளிஃபர்ட் மிராண்டா. அவர் நிரந்தரக் கோச் இல்லை, இடைக்காலக் கோச். ஸ்பெயின்காரர் ஜோசெப் கோம்பாவ் விலகியதால், துணைப் பயிற்சியாளராக இருந்தவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

கோப்பை வந்தது. நாலே நாளில் கோகுலம் கேரளாவையும் தோற்கடித்து, ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி கோப்பையில் ஆடும் தகுதியும் வந்தது. சரி, கிளிஃபர்டுக்கு என்ன வந்தது? அடுத்த சீசனுக்கு ஒடிசா அறிவித்த தலைமைப் பயிற்சியாளர் ஸ்பெயினின் செர்ஜியோ லொபேரா. கிளிஃபர்ட் மோகன் பகானுக்குப் போனார், மறுபடியும் துணைப் பயிற்சியாளராக. இதில் ஒரு கொடுமை உண்டு. அதே ஆண்டு நவம்பரில் அதே ஏ.எஃப்.சி கோப்பையில் கொல்கத்தாவுக்கு வந்த ஒடிசா, மோகன் பகானை 5-2 என்று நொறுக்கியது. தான் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் வந்த அணி அடித்த ஐந்து கோலையும் எதிர்முகாமில் நின்று பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.

அந்த கிளிஃபர்ட்தான் 2025-ல் சென்னையின் எஃப்.சி-யின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். இடைக்காலம் என்ற ஒட்டு இல்லாமல் அந்த கிளப் நியமித்த முதல் இந்தியர். கிட்டத்தட்ட அதே காலத்தில், 2025 ஆகஸ்ட் 1 அன்று, தேசிய அணிக்கு காலித் ஜமீல் அறிவிக்கப்பட்டார். 2011-12-ல் இருந்த சாவியோ மெதைராவுக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணிக்கு நிரந்தரமாக வந்த முதல் இந்தியக் கோச். 13 வருஷ இடைவெளி!

'அப்பாடா, நம்ம ஆளுங்களுக்கும் காலம் வந்துடுச்சு' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்டெப்னி கோச்

ஐ.எஸ்.எல் கிளப்புகள் தகுதி பெற்ற ஓர் இந்தியத் துணைப் பயிற்சியாளரை வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல நோக்கம்தான். வெளிநாட்டுக் கோச்சிடம் கற்றுக்கொண்டு நாளை இவர் மேலே வருவார் என்பது கணக்கு. நடைமுறையில் என்ன ஆகிறது? வெளிநாட்டுக் கோச் வரும்போது தனக்குப் பழக்கமான முதல் துணையாளர், உடற்தகுதிப் பயிற்சியாளர், கோல்கீப்பர் பயிற்சியாளர் என்று ஒரு செட்டையே கூட்டி வருவார். இந்தியத் துணையாளரின் வேலை உள்ளூர் வீரர்களிடம் பேசுவது, கோச் சொன்னதை இந்தியில் விளக்குவது, அகாடமிப் பையன்களில் யார் தேறுவான் என்று சொல்வது. ஆட்டத்திட்டம் போடும் அறையில் அவர் குரலுக்கு எவ்வளவு எடை என்பது அந்தந்தக் கோச்சின் மனசைப் பொறுத்தது.

தொடர் தோல்வி வந்தால் வெளிநாட்டுக் கோச் போய்விடுவார். அப்போதுதான் இவர் ஞாபகம் வரும். வண்டி பஞ்சரான பிறகு ஸ்டெப்னியைத் தேடுகிற மாதிரி. புது டயர் வந்ததும் ஸ்டெப்னி திரும்ப டிக்கிக்குள்.

இதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு செய்யது சபீர் பாஷாவைத் தெரியும். இந்தியன் வங்கி அணியில் கலக்கிய ஸ்ட்ரைக்கர், இந்தியாவுக்கு ஆடியவர். பிறகு சென்னையின் எஃப்.சி-யில் துணைப் பயிற்சியாளர். அங்கே ஜான் கிரிகோரி, ஓவன் காயில், சாபா லாஸ்லோ, போஜிதர் பாண்டோவிச் என்று தலைமைகள் மாறிக்கொண்டே இருந்தன. கிரிகோரி காலத்தில் 2017-18 சாம்பியன் பட்டம், காயில் பாதியில் வந்து 2019-20-ல் இறுதிப் போட்டிவரை பயணம் என எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர் பாஷா. 2022 பிப்ரவரியில் எஃப்.சி கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் பாண்டோவிச் வெளியேற, சீசனின் மீதி ஆட்டங்களுக்கு பாஷா பொறுப்பேற்றார். சீசன் முடிந்ததும் ஜெர்மனியின் தாமஸ் பிர்டாரிச் வந்தார். 2023-ல் பாஷாவைத் தொழில்நுட்ப இயக்குநராக எடுத்துக்கொண்டது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. நாட்டுக்கே தொழில்நுட்ப இயக்குநராகத் தகுதி இருந்த மனிதருக்கு, சொந்த ஊர் கிளப்பில் ஒரு முழு சீசன்கூடக் கிடைக்கவில்லை.

இன்னும் சிலர்: 2021 ஜனவரியில் கார்லெஸ் குவாத்ரத்தை அனுப்பிய பெங்களூரு, நௌஷாத் மூசாவை இடைக்காலமாக வைத்துவிட்டு, அப்புறம் மார்கோ பெஸாயுவோலியைக் கொண்டு வந்தது. 2021 டிசம்பரில் ஈஸ்ட் பெங்காலில் ரெனடி சிங்குக்கும் இதே கதை.

காலித்தின் கதை மட்டும் கொஞ்சம் வேறு. 2016-17-ல் ஐஸால் எஃப்.சி என்ற சின்ன மிசோரம் கிளப்பை வைத்து ஐ-லீக்கையே ஜெயித்தவர் அவர். 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியை இடைக்காலமாக ஏற்று, லீக் கட்டத்தில் அதன்பின் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அதன் பிறகுதான் ஐ.எஸ்.எல்-லின் முதல் நிரந்தர இந்தியக் கோச் என்ற பதவி வந்தது. அடுத்த சீசன் சறுக்கியது; வேலை போனது. ஐ-லீக்கின் இரண்டாம் நிலைக்கு இறங்கிப் போய் வேலை பார்த்துவிட்டு, 2023 கடைசியில் ஜாம்ஷெட்பூருக்கு வந்தார். அங்கே 2024-25-ல் அரையிறுதி. ஏறி, விழுந்து, மறுபடி ஏறியவர். நம்மூர்க் கோச்சுகளுக்குப் பொதுவாக அந்த இரண்டாவது ஏற்றம் கிடைப்பதில்லை.

கோர்வைத் தறி சொல்லும் கணக்கு

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கோர்வைப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஒரே ஆளால் முடியாது. தறியில் நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து மறுபக்கக் கரைக்கான நாடாவைப் போடுவார். அந்தக் காலத்தில் அது வீட்டுப் பையன். (குழந்தைகளை உட்கார வைத்தது தப்பு, அது நின்றது நல்லது.) ஆனால் அப்படி உட்கார்ந்தவர்தான் கை பழகி நாளை தனித் தறிக்குப் போனார். உதவிக்கு உட்காருகிற வேலையில் கூலியும் குறைவு, மேலே போக வழியும் இல்லை என்று ஆனதும் ஆள் கிடைக்காமல் போனது. கோர்வைத் தறிகள் குறைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

கால்பந்திலும் அதேதான். ஆசியாவின் உச்சப் பயிற்சித் தகுதியான புரோ லைசென்ஸை வாங்க, கீழ்நிலை லைசென்ஸ்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வர வேண்டும். வருஷங்களும் காசும் செலவாகும். இவ்வளவும் முடித்துவிட்டு, பத்து வருஷம் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வேண்டும் என்றால், இன்று 25 வயதில் அகாடமிப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர் எதற்காக இதில் நிற்பார்?

மற்ற இடங்களில்?

லிவர்பூலில் 1974-ல் பில் ஷாங்க்லி திடீரென்று விலகியபோது, வெளியே யாரையும் தேடவில்லை. துணையாக இருந்த பாப் பெய்ஸ்லியை உட்கார வைத்தார்கள். அவர் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளை ஜெயித்துக் கொடுத்தார். அவருக்குப் பின் 1983-ல் வந்த ஜோ ஃபேகனும் உள்ளே இருந்தவர்தான். முதல் சீசனிலேயே இன்னொரு ஐரோப்பியக் கோப்பை.

அமெரிக்கக் கல்லூரிகளில் (அவர்கள் ஆடும் 'ஃபுட்பால்' வேறு விளையாட்டு, அது இருக்கட்டும்) ஒருபடி மேலே போய், 'அடுத்தவர் இவர்தான்' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவதும் உண்டு. ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2007-ல் பாபி பௌடனின் வாரிசாக ஜிம்போ ஃபிஷரை அறிவித்தது. 2010-ல் பொறுப்பேற்ற ஃபிஷர் 2013 சீசனில் தேசியப் பட்டம் வாங்கினார். அதே ஏற்பாட்டை டெக்சாஸ் 2008-ல் வில் மஸ்சாம்புக்குச் செய்தது. அங்கே மூத்தவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. 2010 முடிவில் மஸ்சாம்ப் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆக, வாரிசை அறிவித்தால் மட்டும் போதாது, எப்போது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் கிளப்புகளுக்கு இவ்வளவு பொறுமை இல்லை. ஒவ்வொரு சீசனும் புதுக் கணக்கு. வெளிநாட்டுப் பெயர் தோற்றால் 'அவர் சரியில்லை' என்று உரிமையாளர் தப்பித்துக்கொள்ளலாம். இந்தியர் தோற்றால், 'இவரை யார் போடச் சொன்னது?' என்று கேள்வி உரிமையாளர் மேல் திரும்பும். இதுதான் உண்மையான தடை. திறமை பற்றிய பேச்செல்லாம் அதன் பிறகு.

அப்போ 2025-ல் மட்டும் ஏன்?

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஐ.எஸ்.எல்-லை நடத்திய எஃப்.எஸ்.டி.எல் நிறுவனத்துக்கும் கூட்டமைப்புக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிக்கவில்லை. ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி உட்பட சில கிளப்புகள் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்தின. கூட்டமைப்பின் பர்ஸும் கனமாக இல்லை. 2024-ல் நீக்கிய இகோர் ஸ்டிமாச்சுக்கு நஷ்டஈடாக 4 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்திருந்தது. அடுத்து வந்த மனோலோ மார்க்கேஸ் எஃப்.சி கோவாவையும் பார்த்துக்கொண்டு தேசிய அணியையும் பார்த்தார். எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி.

பிறகுதான் 170 விண்ணப்பங்கள் வந்தன. ஐ.எம்.விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு மூன்று பேராகச் சுருக்கியது: காலித், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் டர்கோவிச். காலித் தேர்வானார். அவர் தகுதியானவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கஜானா நிறைந்திருந்தால் இதே முடிவு வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். பணம் தீர்ந்தபோது கிடைத்த வாய்ப்பு இது.

காசு இல்லாத நேரத்தில் கிடைக்கும் வேலையில் தோற்பது சுலபம். காலித் வந்த நாலு வாரத்தில் தஜிகிஸ்தானில் சி.ஏ.எஃப்.ஏ நேஷன்ஸ் கோப்பை. மோகன் பகான் தன் வீரர்களை அனுப்பவில்லை. இருந்தும் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். எல்லோரும் கைதட்டினார்கள். அக்டோபர் 14 அன்று மட்காவில் சிங்கப்பூரிடம் 1-0 முன்னிலையில் இருந்து 1-2 தோல்வி. 2027 ஆசியக் கோப்பைக் கனவு முடிந்தது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. லீக்கே நடக்காத நாட்டில் வீரர்களுக்கு ஆட்டப் பழக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் சொந்த மண்ணில் கிடைத்த முன்னிலையைக் காப்பாற்றாததற்கு லீக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. அங்கே கோச்சுக்கும் பங்குண்டு.

கிளிஃபர்டின் சென்னை அணியும் அக்டோபர் சூப்பர் கோப்பையில் குரூப்பைத் தாண்டவில்லை. 'பார்த்தீங்களா, நம்மாளுங்களுக்கு இது சரிப்பட்டு வராது' என்ற குரல் சமூக வலைதளங்களில் கேட்கத் தொடங்கிவிட்டது. மார்க்கேஸ் எட்டில் ஒன்று ஜெயித்தபோது, 'ஸ்பெயின்காரர்களே வேண்டாம்' என்று யாரும் சொல்லவில்லை.

பெண்கள் அணியிலும் இதே வாசனைதான். 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தி, தகுதிச்சுற்று வழியாக முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இந்தியா. கோச், க்ரிஸ்பின் சேத்ரி. பிரதானப் போட்டி நெருங்கியதும், 2026 ஜனவரியில், தலைமைப் பொறுப்பு கோஸ்டா ரிகாவின் அமேலியா வல்வெர்டேவிடம் போனது. உலகக் கோப்பை அனுபவம் உள்ளவர் வல்வெர்டே, அதை மறுக்கவில்லை. ஆனாலும் கிளிஃபர்ட் கதை ஞாபகம் வருகிறதா இல்லையா?

காலித்துக்கு அப்புறம்?

பெயர்களைச் சொல்வதானால், முதலில் மகேஷ் கவ்லி. ஸ்டிமாச், மார்க்கேஸ், காலித் மூவருக்கும் துணையாக இருந்தவர். 2023 சாஃப் போட்டியில் ஸ்டிமாச் தடை வாங்கியபோது, லெபனானுடன் அரையிறுதியிலும் குவைத்துடன் இறுதியிலும் ஓரத்தில் நின்றவர் கவ்லிதான். இரண்டும் பெனால்டியில் வென்றவை. கோப்பைப் பட்டியலில் ஸ்டிமாச் பெயர்தான் இருக்கும். அடுத்து நௌஷாத் மூசா. 23 வயதுக்குட்பட்டோர் அணியைத் தனியாக நடத்துகிறார். என் பார்வையில் மூசாவுக்கு ஒருபடி கூடுதல் வாய்ப்பு. துணையாக மட்டும் இருந்தவரைவிட, சின்ன அணியையாவது சொந்தமாக நடத்தித் தோற்று ஜெயித்தவருக்குத்தான் முடிவெடுக்கும் கை பழகியிருக்கும். சென்னைக்கும் இதே கேள்வி உண்டு: கிளிஃபர்ட் பக்கத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவருக்கு ரிசர்வ் அணியோ ஜூனியர் அணியோ முழுப் பொறுப்பாகக் கொடுக்கப்படுமா?

காலித்தின் ஒப்பந்தம் இரண்டு ஆண்டு, ஓராண்டு நீட்டிக்கலாம். 2027-ல் மறுபடி விண்ணப்பங்கள் குவியும். அதற்குள் லீக்கில் பணமும் திரும்பியிருக்கலாம். அப்போது வரும் மூன்று பேர் பட்டியலில் எத்தனை இந்தியப் பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.