உங்க ரத்தம், உங்க வரிப்பணம், யாரோ போட்ட பூட்டு

1/
ராத்திரி ஒன்பது மணி, கிளினிக் மூடுற நேரம். லாரி ஓட்டுற அண்ணன் ஒருத்தர் உள்ளே வந்து போனை நீட்டினார். அவர் மகனுக்கு அரிய வகைத் தசை நோய். காலேஜ் படிக்கிற அக்கா மகள் தேடிக் கொடுத்த ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம் திரையில் இருந்தது. "சார், இந்த மருந்து வேலை செய்யுதுன்னு போட்டிருக்காம். மீதியைப் படிக்க மூவாயிரம் ரூபா கேக்குது. கட்டட்டுமா?"

2/
அந்த மருந்தை வரவழைக்க ஊர்ல இருக்கிற அரை ஏக்கரை விலை பேசிட்டு வந்திருக்கார் மனுஷன். நான் என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். எனக்கும் அதே மூவாயிரம்தான். வைத்தியம் பார்க்கிறவனுக்கே திறக்காத கதவு. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுறேன். நீளமா இருக்கும். இது உங்க காசு சம்பந்தப்பட்ட விஷயம், அதனால பொறுமையா படிங்க.

3/
அரசு நிதியில் நடக்கும் ஒரு மருத்துவ ஆய்வை எடுத்துக்குவோம். நோயாளி படிவத்தில் கையெழுத்துப் போட்டு ரத்தம் கொடுக்கிறார். செலவு வரிப்பணம். ஆய்வாளரின் சம்பளமும் வரிப்பணம். கட்டுரை எழுதினதுக்குப் பத்திரிகை ஒரு பைசா தராது. அது சரியா தப்பான்னு சோதிக்கிறவங்க மற்ற ஆய்வாளர்கள். அவங்களுக்கும் பெரும்பாலும் கூலி கிடையாது. நானே ஞாயித்துக்கிழமை உக்காந்து சும்மா பார்த்துக் கொடுத்திருக்கேன்.

4/
கடைசியில் காப்புரிமை பதிப்பகத்துக்குப் போகும். அதே கட்டுரையை அதே கல்லூரியின் நூலகத்துக்கே பதிப்பகம் சந்தா போட்டு விற்கும். நெல் நம்முது, விறகு நம்முது, சமைச்சதும் நாமதான். பந்தியில் உக்காரப் போனா வாசல்ல ஒருத்தர் டிக்கெட் கேக்கிறார்.

5/
"பத்திரிகை நடத்தச் செலவு ஆகாதா டாக்டர்?" ஆகும். ஆசிரியர் குழு, தட்டச்சு, சர்வர் எல்லாத்துக்கும் காசு வேணும். அதை நான் மறுக்கல. ஆனால் எல்செவியரை வைத்திருக்கும் ரெலெக்ஸ் நிறுவனத்தின் அறிவியல், மருத்துவப் பிரிவு சமீப ஆண்டுகளில் 35 சதவீதத்துக்கு மேல் லாபம் பார்க்கிறது. நூறு ரூபா வந்தா முப்பத்தஞ்சு ரூபாவுக்கு மேல லாபம். உங்க தெரு மளிகைக் கடை அண்ணாச்சிகிட்ட சொல்லிப் பாருங்க, சிரிப்பார். இது செலவுக்கு வாங்குற காசு இல்லை.

6/
"காசு வாங்குற இடத்துலதானே தரம் இருக்கும்?" இதுவும் எப்பவும் வர்ற கேள்வி. எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை ஏதோ மூலையில் வந்த துண்டுச் சீட்டில் வரல. 1998ல் உலகப் புகழ் பெற்ற லான்செட் இதழில் வந்தது. அதில் இருந்தது 12 குழந்தைகள். அந்த இதழ் அதை முழுசா திரும்பப் பெற்றது 2010ல். இடையில் போன 12 வருஷத்தில் கிளம்பின பயம் இன்னைக்கும் என் கிளினிக் வாசலில் நிக்குது. தரம் என்பது சோதிக்கிறவங்களோட நேர்மையில் இருக்கு. பூட்டோட விலையில் இல்லை.

7/
இந்தப் பூட்டு உயிரோட விளையாடும்னா நம்புவீங்களா? லைபீரியாவுக்குப் போவோம். 2014ல் எபோலா அந்த நாட்டில் புகுந்து 4,800 பேருக்கு மேல் கொன்றது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா புதுசுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனால் 1982லேயே ஐரோப்பிய இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்திருந்தது. லைபீரிய மக்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்த நாட்டையும் எபோலா பகுதியில் சேர்க்கணும், இங்குள்ள மருத்துவர்கள் எச்சரிக்கையா இருக்கணும்னு அதில் எழுதியிருந்தது.

8/
2015ல் லைபீரிய சுகாதார அதிகாரிகள் இதை நியூயார்க் டைம்ஸில் வெளிப்படையா எழுதினாங்க. அந்தக் கட்டுரையைத் தரவிறக்க 45 டாலர். அங்கே ஒரு மருத்துவரின் அரை வாரச் சம்பளம். கட்டுரை எழுதினவர்களில் ஒரு லைபீரியர்கூட இல்லை. பூட்டு மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன். டாக்டர்கள் குறைவு, லேப் இல்லை, இன்னும் நிறைய காரணம் இருக்கு. ஆனா ரத்தம் கொடுத்த ஜனங்களுக்கு அந்த ரத்தம் சொன்ன சேதி போய்ச் சேரலையே. அதுக்கு என்ன பேரு?

9/
இப்போ கதவு திறந்திருந்தா என்ன நடக்கும்னு பார்க்க வெளிநாடு போக வேண்டாம். சென்னை சேத்துப்பட்டுக்கு வாங்க. 1950களில் காசநோய்னா சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்கணும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு வேணும்னு மருத்துவ உலகம் நம்பியது. நம்மகிட்ட அத்தனை படுக்கை ஏது? 1956ல் இங்கே ஒரு ஆய்வு தொடங்கியது. 193 நோயாளிகள். பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் அதே மாத்திரை.

10/
ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, நெரிசலான வீட்டில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தாங்க. வீட்டில் இருந்த மற்றவங்களுக்கும் அதனால ஆபத்து கூடல. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வெளியானது. சானடோரியம் காலம் முடிவுக்கு வர இது பெரிய காரணம். அந்தக் கட்டுரையை இன்னைக்கும் நீங்க இணையத்தில் பைசா செலவில்லாம படிக்கலாம். மெட்ராஸ் ஏழைகளின் நுரையீரல் சொன்ன பதில், உலகத்துக்கே திறந்து கிடக்கு. ஆய்வுன்னா இப்படி இருக்கணும்.

11/
இது மருத்துவத்துக்கு மட்டும் இல்லை. ராமானுஜன் கும்பகோணத்தில் வளர்ந்தபோது அவருக்கு வழிகாட்டியது கார் என்பவர் தொகுத்த பழைய கணிதச் சூத்திரப் புத்தகம். புது ஆய்விதழ்கள் கைக்கு எட்டாததால், ஐரோப்பாவில் ஏற்கெனவே கண்டுபிடித்த பலதை அவர் தனியா உக்காந்து மறுபடி கண்டுபிடித்தார். 32 வயசில் போய்ச் சேர்ந்த மனுஷனோட எத்தனை வருஷம் அதில் கரைஞ்சிருக்கும்? நூறு வருஷம் கழிச்சு, ரஷ்யாவின் பெரெல்மான் 2002லும் 2003லும் புவான்காரே கணிப்பின் நிரூபணத்தை ஆர்க்கைவ் என்ற இலவசத் தளத்தில் போட்டார். யாரும் டிக்கெட் வாங்காமலேயே உலகம் அதைச் சோதித்து ஏற்றுக்கொண்டது.

12/
தமிழுக்கும் இதே கதைதான். உ.வே.சா. ஊர் ஊரா, வீடு வீடா அலைஞ்சு ஏடு கேட்டார். பரண்ல கிடந்து செல்லரிச்சது எவ்வளவோ. அச்சில் வந்ததால்தான் நமக்குச் சங்க இலக்கியம் இருக்கு. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமா ஏற்றினதால்தான் இன்னைக்கு உங்க போனில் அதைத் தேட முடியுது. ஏட்டைப் பரணில் வெச்சுப் பூட்டினவங்களை நாம திட்டுறோம். கட்டுரையைப் பூட்டி வைக்கிறவங்களுக்குச் சந்தா கட்டுறோம்.

13/
கதவைத் திறக்கவே முடியாதான்னா, முடியும். கொரோனா வந்தப்ப பெரிய பதிப்பகங்கள் பலவும் அந்த நோய் பற்றிய கட்டுரைகளை இலவசமா விட்டாங்க. நல்லது. ஆனா ஒரு கேள்வி. கொரோனா நோயாளிக்குத் திறந்த கதவு, புற்றுநோயாளிக்கும் காசநோயாளிக்கும் ஏன் சாத்தியிருக்கு? அவங்க உயிர் அவசரம் இல்லையா?

14/
"அதான் ஒரே நாடு ஒரே சந்தா வந்தாச்சே?" வந்திருக்கு, வரவேற்கிறேன். 2025 முதல் மூணு வருஷத்துக்கு சுமார் 6,000 கோடி ரூபா. ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வரம். ஆனா இது வாடகை வீடு. சந்தா நின்னா சாவியும் போச்சு. அதுவும் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும். கிளினிக் வெச்சிருக்கிற நானோ, லாரி ஓட்டுற அந்த அண்ணனோ, இதைப் படிக்கிற நீங்களோ அதில் இல்லை. வரி மட்டும் எல்லாரும் கட்டுறோம்.

15/
இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லைன்னா நான் நேர்மையானவன் இல்லை. "வாசகருக்கு இலவசம், எழுதுறவர் கட்டணம் கட்டணும்" என்று சில இதழ்கள் பூட்டை அந்தப் பக்கம் மாட்டிட்டாங்க. நேச்சர் இதழ் 2021ல் இதுக்கு வைத்த விலை 9,500 யூரோ. நம்ம ஊர் ஆராய்ச்சி மாணவர் எங்கே போவார்? இதைச் சாக்கா வெச்சு, காசு கட்டினா எதையும் போடுற போலி இதழ்களும் முளைச்சிருக்கு. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணுற நம்ம வழக்கம்தான் அதுக்குத் தீனி. திறந்து கிடக்கிறது எல்லாம் நல்லதுன்னு நான் சொல்லல. திறந்து கிடந்தாத்தான் எது நல்லது, எது குப்பைன்னு நாலு பேர் பார்க்க முடியும்னு சொல்றேன்.

16/
நான் கேக்கிறது மூணே மூணு. ஒண்ணு, பொதுப் பணத்தில் நடந்த ஆய்வின் முழுக் கட்டுரையும் வெளியான அன்றே இலவசமா கிடைக்கணும். ரெண்டு, தமிழ்நாட்டு நோயாளிகளிடம் நடந்த ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் ஒரு பக்கத் தமிழில் எழுதி, கலந்துகொண்டவங்க கையில் கொடுக்கணும். மூணு, கட்டுரை எண்ணிக்கையை வெச்சுப் பதவி கொடுக்கிறதை நிறுத்தணும். நடக்காத காரியம் இல்லை. நம்ம டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் முதுநிலை ஆய்வேடுகளை இணையத்தில் எல்லாரும் படிக்கத் திறந்து வெச்சிருக்கு.

17/
நீங்க என்ன செய்யலாம்? மூவாயிரம் கட்டாதீங்க. பப்மெட் சென்ட்ரல் தளத்தில் தேடுங்க, நிறைய கட்டுரை முழுசா இலவசம். இல்லைன்னா கட்டுரையில் இருக்கிற ஆய்வாளரின் மின்னஞ்சலுக்கு மரியாதையா ரெண்டு வரி எழுதுங்க. பெரும்பாலும் சந்தோஷமா அனுப்பி வைப்பாங்க. உங்ககிட்ட யாராவது ஆய்வுக்கு ஒப்புதல் கையெழுத்து கேட்டா, "முடிவு எங்களுக்கு எப்போ, எப்படித் தெரியும்?"னு கேளுங்க. அது உங்க உரிமை. முக்கியமா, சுருக்கத்தை மட்டும் படிச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க.

18/
ஏன்னு கேட்டா, அந்த லாரி அண்ணன் கதைக்கு வர்றேன். அன்னைக்கு ராத்திரியே ஆய்வாளருக்கு எழுதினேன். காலையில் முழுக் கட்டுரை வந்தது. நாலாம் பக்கத்தில் ஒரு வரி. அந்த மருந்தைச் சோதித்தது இன்னும் நடக்க முடிகிற பிள்ளைகளிடம் மட்டும்தான். இவர் மகன் நடையை இழந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுது. இலவசமா கிடைச்ச சுருக்கத்தில் அந்த வரி இல்லை.

19/
அவர்கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "நிலத்தை விக்க வேண்டாம் இல்ல சார்?"னு மட்டும் கேட்டார். வேண்டாம்ணேன்னு சொன்னேன். பையனுக்கு இப்போ மூச்சுப் பயிற்சியும் பிசியோதெரபியும் நடக்குது. ஒரு குடும்பத்தோட அரை ஏக்கர், பூட்டுக்குப் பின்னாடி இருந்த ஒரே ஒரு வரியில் தொங்கிட்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆய்வாளர் ராத்திரியில் மெயில் பார்த்ததால தப்பிச்சது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. அதனாலதான் கேக்கிறேன், நீங்களும் கேளுங்க.