மோனை காத்த சொற்கள்

செய்யுள் தொடைகளுள் மோனையை முதற்கண் வைத்து எண்ணுவது நம் யாப்பு மரபு. தொல்காப்பியர் செய்யுளியலில் மோனை, எதுகை, முரண், இயைபு என முறைப்படுத்தினார். பின்வந்த அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை இணை, பொழிப்பு, ஒரூஉ முதலிய விகற்பங்களை விளக்கிற்று. மாணவரும் இப்பெயர்களை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவித்து விடுகின்றனர். ஆயின், மோனை என்பது புலவர் செய்யுளுக்குப் பூட்டும் அணிகலன் மாத்திரமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றிவிடுகின்றது. வழக்கொழிய இருந்த பழஞ்சொற்கள் பலவற்றைக் காத்துத் தந்ததும் மோனையே என்பதை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தோட்டம் துரவு, கன்று காலி, கோட்டை கொத்தளம், ஈவு இரக்கம், ஏழை எளியவர் என்னும் இணைமொழிகளை நோக்குக. தோ, து, க, கா, கோ, கொ, ஈ, இ, ஏ, எ என முதலெழுத்துக்கள் ஒன்றுக்கொன்று இனமாய் நிற்கின்றன. அகரத்துக்கு ஆகாரமும், இகரத்துக்கு ஈகார எகர ஏகாரங்களும், உகரத்துக்கு ஊகார ஒகர ஓகாரங்களும் கிளையாகும் என யாப்பு நூலார் வகுத்த நெறி இவற்றுள் வழுவாது அமைந்துள்ளது. இவற்றை வழங்கியோர் இலக்கணம் கற்று வழங்கினாரல்லர்; அவர்தம் செவியே அவர்க்கு இலக்கணமாயிற்று. நெடில் முன்னும் குறில் பின்னுமாக வருவதும் இவற்றுட் பலவற்றிற் காணப்படும் அமைதியாகும். சீரும் சிறப்பும், நாடு நகரம், மூட்டை முடிச்சு என்பனவும் அவ்வாறே வந்தன.

இனி, இவ்விணைகளில் இரண்டாவதாய் நிற்கும் சொல்லின் நிலையை ஆராய்வோம். துரவு என்பது கிணறு. நம் வடபுலத்துத் தோட்டக்காரருள் முதியோர் கல் கட்டாத கிணற்றைத் துரவு என வழங்குவர். இளைஞரோ அச்சொல்லைத் தனித்து அறியார். காலி என்பது ஆநிரை. இன்று அச்சொல்லைத் தனியே கேட்கும் மாணவனுக்குத் தென்மாகாணத்து நகரமோ வெறுமையோ நினைவுக்கு வருமேயன்றி, மாட்டு மந்தை நினைவுக்கு வாராது. கொத்தளம் என்பது கோட்டை மதிலில் காவலர் நின்று பொருதற்கு அமைந்த உறுப்பு. ஈவு என்பது கொடுத்தல். கணித வகுப்பில் வகுத்துப் பெறும் ஈவை அறிந்த மாணவன், ஈவிரக்கத்தில் உள்ள ஈவும் ஈதல் என்னும் அதே வேரில் முளைத்தது என அறியான்.

இச்சொற்களை இத்துணைக் காலம் வாழவைத்தது யாது? முன்னின்ற சொல்லின் முதலெழுத்துப் பின்னின்ற சொல்லைத் தன்னோடு பிணித்தமையே. 1842இல் வெளிவந்த மானிப்பாய் அகராதி போன்ற பெருநூல்கள் சொற்களை ஏட்டில் வைத்துக் காத்தன. மோனையோ அவற்றை எழுத்தறியாதார் நாவிலும் வைத்துக் காத்தது.

ஒருபொருட் பன்மொழி சிறப்புப்பற்றி வருமாயின் குற்றமாகாது என்பது நன்னூலார் கொள்கை. அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பெறும் 'மீமிசை' என்னும் பழந்தொடரில் மீ, மிசை இரண்டும் மேல் என்னும் பொருளன. இரண்டும் மோனையும் பெற்றன. ஓங்கி உயர்தல் என்பதும் அவ்வகையினதே. பொருளால் நெருங்கிய சொற்களை ஒலியாலும் நெருங்கச் செய்வது நம் மொழியின் பழைய இயல்பு என்பது இவற்றாற் புலனாகும்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பணம் கிணம், புத்தகம் கித்தகம் என்பனவும் இத்தகையனவோ எனின், அல்ல. அவை முதலெழுத்தை மாற்றி ஒலிக்கும் வெற்று எதிரொலிகள். கிணம் என்பதற்குப் பொருளில்லை. துரவையும் காலியையும் கிணத்தோடு ஒருங்கு வைத்து, ஓசை நிரப்ப வந்தவை என மாணவர் கருதுவதே நம்மை வருத்துவது. பொருள் மறக்கப்பட்ட சொல் முதலில் எதிரொலியாகும். பின்னர் அதுவும் உதிர்ந்துபோகும்.

மேடைகளிலும் கட்டுரைகளிலும் முதலெழுத்து ஒப்புமை ஒன்றையே நாடிச் சொற்களை அடுக்குவோரும் இக்கேட்டுக்குத் துணை செய்கின்றனர். முன்னோர் இணைத்த இரு சொற்களில் ஒன்றை நீக்கினால் பொருளில் ஒரு கூறு குறையும். இவர்கள் அடுக்கும் பத்துச் சொற்களில் எட்டை நீக்கினும் குறைவது யாதுமில்லை. இத்தகைய அடுக்குகளைக் கேட்டுப் பழகிய செவி, பொருளுள்ள இணையையும் பொருளற்ற அடுக்கையும் வேறுபடுத்தி அறியாது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கு எமது வேண்டுகோள் ஒன்று. மோனை விகற்பங்களைக் கற்பிக்கும் நாளில், மாணவர் தத்தம் வீட்டில் வழங்கும் இணைமொழிகளுள் பத்தை எழுதிவரப் பணியுங்கள். பின்னர் ஒவ்வொன்றிலும் இரண்டாவது சொல்லைத் தனியே நிறுத்தி, அதன் பொருள் யாது என வினவுங்கள். விடை தெரியாதவிடத்து அகராதியைப் புரட்டட்டும். அதற்குமுன் வீட்டிலுள்ள பாட்டனாரையும் பாட்டியாரையும் கேட்கட்டும். சூத்திரம் மனனஞ் செய்து ஒருமுறை ஒப்புவிக்கும் மாணவன் மோனையின் பெயரை அறிவான். துரவு யாது என்று கேட்டறிந்த மாணவனே மோனையின் பயனை அறிவான்.